ஹமீதின் போனும் கவுண்டர் கம்ப்யூட்டரும்

7 ஜூலை, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஈப்போவின் குனோங் ராபாட் மலைகள் இருக்கிற இடமே தெரியவில்லை. மழை நாளில் நம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் ஓடும், ஐஸ் ஓடாது. தெரிந்தும் ஐஸ்காரன் முழு மூட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். வேண்டுமென்றேதான்.

கட்டடச் சொந்தக்காரர் தவுக்கே வந்தார். கடைக் கட்டடத்தை விற்கப் போகிறாராம். வாடகை ஒழுங்காகக் கட்டியவன் என்பதால் முதலில் எனக்குத்தான் சொல்கிறாராம். மாதக் கடைசிக்குள் முன்பணம் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் தயார். "வேறு ஆள்" நிஜமா, என்னை முடுக்குவதற்கா? அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தே தாரிக் டீ குடித்தார், காசு வைக்காமல் போனார்.

முன்பணத்தில் பாதி நான், பாதி ஹமீது. என் மனைவி ஜுலைகாவின் தம்பி, என் மச்சினன். அடுப்படி முழுக்க அவன் கையில். லாபத்தில் சரிபாதி. என் பாதி பேங்கில் இருக்கிறது. உன் பாதி எங்கே என்று கேட்டால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறான். கிரிப்டோவாம். சம்பாதித்ததை எல்லாம் பல வருடமாக அதில் போட்டு வந்தானாம். எல்லாம் போனுக்குள்.

"விக்கிற நேரம் பாத்து வித்துருவேன் மச்சான். நீங்க பயப்படாதீங்க லா."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும்.

9 ஜூலை, புதன்

வெயில். மீன் விலை ஏற்றம். இரண்டாவது மேசை ஆசாமி இன்றும் டிஷ்யூவைக் கத்தையாக எடுத்துப் பையில் போட்டான். பார்த்தேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்தான்.

காலைக் கூட்டம் ஓய்ந்ததும் சைமன் வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஆயர் தாவார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், இங்கே வந்து பிழைத்துக்கொண்டவன். ஞாயிறு தேவாலயம் விட்டதும் குடும்பத்தோடு நம் கடைக்குத்தான் வருவான். பெயர் சொல்லாமல், "ஒருத்தர்" என்று வைத்துக் கேட்டேன். இந்தக் கிரிப்டோ வியாபாரத்துக்குப் போன் நல்லதா, கம்ப்யூட்டர் நல்லதா?

"அவசரத்துக்குப் போன் அண்ணே. விலை எறங்குனா எங்க இருந்தாலும் வித்துப் போடலாம். ஆனா சின்ன ஸ்கிரீன். பெருவிரல் தப்பா பட்டாலும் போச்சு. கம்ப்யூட்டர்னா எல்லாம் விரிச்சுப் பாக்கலாம், எந்த வெப்சைட்ல இருக்கோம்னு அட்ரஸ் தெரியும். பொய் ஆப் கூட நெறைய வருது லா."

பொய் ஆப். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

எழுதிப் பார்க்கிறேன்.

போன்: பையிலேயே இருக்கும். விரல் வைத்தால்தான் திறக்கும். அதாவது அவன் விரல். நான் பார்க்க வழியில்லை. கழிவறைக்கும் எடுத்துப் போகிறான்.

கம்ப்யூட்டர்: கவுண்டரில் நகராமல் இருக்கும். பெரிய எழுத்து. என் கண் முன்னால். பில் போடுகிற பையன்கள் அதில் பாட்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள். அழிக்கச் சொல்ல வேண்டும்.

கவுண்டருக்கு மேலே கேமராவும் உண்டு. நான் வைத்தது. கல்லாவைப் பார்த்தபடி.

11 ஜூலை, வெள்ளி

ஜும்மாவுக்குக் கடை அடைத்தோம். தொழுகை முடிந்து செருப்பு தேடுகிற நேரத்தில் ஹமீது தூணோரம் நின்று போனைப் பார்த்தான். முகம் சுருங்கிற்று. போனில் யாரிடமோ சொன்னான்: "இன்னிக்கு வேணாம், விழுந்துருச்சு. திங்கக்கெழமை பாக்கலாம்."

என்ன விழுந்தது? யாரிடம் சொல்கிறான்? எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கேட்டதற்கு, "ஃபிரண்டு மச்சான், அவனும் விக்கணும்னு இருக்கான்" என்றான். பெயரைக் கேட்டேன், சொன்னான். நான் கேள்விப்படாத பெயர்.

அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டார். இந்தக் கடையை ஆரம்பித்தவர் அவர்தான். வயதானதும் பங்கைக் கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கே போய்விட்டார். ஆனால் கேமராவை விடவில்லை. அங்கே காலையில் பசியாறிவிட்டுப் போனில் நம் கடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "தம்பி, மூணாவது மேசையில எச்சித் தட்டு அப்படியே கெடக்கு." கடல் தாண்டி வருகிறது உத்தரவு. கடைக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இதுதான் கதை. நாங்கள் இங்கே ஆற்றுகிற தேத்தண்ணியை அவர்கள் அங்கே பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். இருக்கட்டும், ஒரு கண்ணுக்குப் பல கண் பாதுகாப்பு.

12 ஜூலை, சனி

ஜுலைகாவிடம் சொன்னேன், உன் தம்பி காசைக் கம்ப்யூட்டரில் காட்டட்டும் என்று. உளுந்து கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"என் தம்பிய சந்தேகப்படுறீங்க."

"காசைத்தான் சந்தேகப்படறேன்."

"காசு எங்க போவும், அவனத் தாண்டி? நீங்க என்னையே எண்ணிப் பாக்குற ஆளு. நான் வாங்குற சாமானுக்கும் ரசீது கேப்பீங்க."

ரசீது கேட்பது தப்பா? எல்லோரையும் நம்பியிருந்தால் இந்நேரம் நான் அடுத்தவன் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். சொன்னேன். பேச்சு முறிந்தது. ஆனால் சாயங்காலம் அவளே தம்பியிடம் பேசியிருக்கிறாள். ஹமீது வந்து, "சரி மச்சான், ஒங்க மனசு சமாதானம் ஆனா போதும்" என்றான். வீட்டில் வைத்துச் செய்யலாம் என்றான். வீட்டில் என்ன ரகசியம்? கடையில்தான் என்றேன்.

14 ஜூலை, திங்கள்

தூறல். நேற்று சைமன் வந்து கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, அந்தப் பர்ஸை ஏற்றி வைத்துவிட்டுப் போனான். பர்ஸ் என்றால் தோல் பர்ஸ் இல்லை, கிரிப்டோ இருக்கிற பெட்டி. என் கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தேன். போர்டு எழுத்து அளவுக்கு ஆக்கிவிட்டான்.

அதைத் திறக்கப் பன்னிரண்டு இங்கிலீஷ் சொல் வேண்டுமாம். வரிசை மாறக்கூடாது. ஹமீது எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மசாலா அளவு மாதிரி மனதிலேயே வைத்திருக்கிறான். ஏணி, குடை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற சொற்கள்தான். இதிலா இவ்வளவு காசு தொங்குகிறது?

நான் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் நின்றான். உடனே சொல்லவில்லை. மேலே பார்த்தான்.

"மச்சான், அந்தக் கேமராவ கொஞ்சம் சொவத்துப் பக்கம் திருப்பிடலாமா?"

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. கல்லாவைப் பார்க்கிற கேமராவை ஏன் திருப்ப வேண்டும்? இவன் கை எங்கே போகப் போகிறது?

"கேமரா அதும்பாட்டுக்கு இருக்கட்டும். நீ சொல்லு."

"இல்ல மச்சான், அது வந்து..."

"சொல்றியா, இல்ல சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

பில் போடுகிற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹமீதின் முகம் கறுத்தது. அப்புறம் சொன்னான், ஒவ்வொன்றாக. புகைபோக்கி விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை, உரக்கச் சொல்லு என்றேன். அடிப்பதெல்லாம் திரையில் புள்ளியாக விழுந்தது. பக்கத்தில் ஒரு கண் படம் இருந்தது. அழுத்தினேன், சொற்கள் தெரிந்தன. மறைத்து அடிக்கிற எதையும் நான் நம்புவதில்லை.

திறந்தது. காசு இருந்தது. அவன் சொன்னதற்குக் குறையவில்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்லது என்று மட்டும் சொன்னேன். மத்தியானக் கூட்டத்தில் ஹமீது இரண்டு தடவை கவுண்டருக்கு வந்து, "மச்சான், ஒரு விசயம்" என்றான். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். பத்து பேர் காசு கொடுக்க நிற்கும்போது என்ன விசயம்.

15 ஜூலை, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

கடை திறந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். பூஜ்யம். நிறுத்தித் திரும்பப் போட்டேன். பூஜ்யம்தான். நேற்று மத்தியானமே எல்லாம் வேறெங்கோ போயிருப்பதாகக் காட்டியது.

அடுப்படிக்குப் போனேன். ஹமீது மீன் தலைக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். காசு எங்கே என்றேன். நேராக என்னைப் பார்த்தான்.

"நாந்தான் மாத்துனேன் மச்சான். நேத்தே சொல்ல வந்தேன்..."

அதற்கு மேல் நான் அவனைப் பேச விடவில்லை. பசியாற வந்தவர்கள், பையன்கள், சைமன், எல்லோரும் இருந்தார்கள். திருடன் என்றேன். வீட்டுக்குள்ளே வளர்த்த திருடன் என்றேன். கேமராவைத் திருப்பச் சொன்னது இதற்குத்தானே என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது, உண்மையைச் சொன்னால், வயிறு குளிர்ந்தது. நான் நினைத்தது சரி என்கிற குளிர்ச்சி.

ஹமீது அடுப்பைத் தணித்தான். ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, கவுண்டரில் வைத்தான். மோட்டார் சைக்கிள் கிளம்பிய சத்தம் கேட்டது.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. போலீசுக்குப் போவதா வேண்டாமா? ஜுலைகா, போனால் நானும் வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள்.

16 ஜூலை, புதன்

போலீசுக்குப் போகவில்லை. நல்லவேளை.

அண்ணன் கூப்பிட்டார். ஹமீது ஏன் ஏப்ரனைக் கழற்றினான் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதைக் கேட்டார். அப்புறம் சிரித்துக்கொண்டே:

"முந்தாநாளு கம்ப்யூட்டர்ல என்னமோ இங்கிலீஷ் பாடம் அடிச்சியே தம்பி. பெரிய பெரிய எழுத்தா. இங்க பிள்ளைங்க எல்லாம் கூடி வாசிச்சுதுங்க. ஒம்பதாவது வார்த்தைய ஒன் தலை மறைச்சிருச்சு. பேரன் அது என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். மருமவன் அதப் படம் புடிச்சு வச்சிருக்கான். ஒங்கிட்ட கேக்கச் சொன்னான்."

போனை வைத்துவிட்டேன்.

கேமராவின் பாஸ்வேர்டு யார் யாரிடம்? அண்ணன். அவருடைய இரண்டு மருமகன்கள். கேமரா மாட்டிய கடைக்காரன். வேலையை விட்டுப் போன பழைய கேஷியர். எல்லோருக்கும் நானே கொடுத்தது. ஹமீதுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

சைமனிடம் கேட்டேன். அந்தச் சொற்கள் கிடைத்தால் எவனும் எங்கேயிருந்தும் அவன் போனிலேயே அந்தப் பர்ஸைத் திறந்து அள்ளிக்கொண்டு போகலாமாம். விரலும் வேண்டாம், எதுவும் வேண்டாமாம். "ஒண்ணு கொறைஞ்சா கூட கம்ப்யூட்டர் போட்டுப் போட்டுக் கண்டுபுடிச்சிரும் அண்ணே. ஹமீது உடனே வேற எடத்துக்கு மாத்துனதால தப்பிச்சிச்சு. நேத்து நீங்க கத்துனப்பவே சொல்லலாம்னு பாத்தேன். ஒங்க மொகத்தப் பாத்து வாய மூடிக்கிட்டேன்."

பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். என் வழுக்கை. பக்கத்தில் திரை, வெட்டவெளிச்சமாக. ஹமீது தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்க்கிறான், என்னிடம் ஏதோ சொல்கிறான். என் கை அவனை நோக்கி ஆடுகிறது, சும்மா இரு என்று. சத்தம் பதிவாகாத கேமரா. பதிவாகியிருந்தால் அவன் உரக்கச் சொன்னதையும் ஊர் கேட்டிருக்கும்.

பயம் தீரவில்லை. மாற்றினான், சரி. எங்கே மாற்றினான்? இதை எழுதும்போதே அந்தக் கேள்வி வருகிறது. என் புத்தியை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் வருகிறது.

18 ஜூலை, வெள்ளி

பேங்கிலிருந்து மெசேஜ். என் கணக்கில் ஹமீது பெயரில் பணம். அவனுடைய பாதி, முழுசாக.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அப்புறம் எழுதினேன்: "கேமராவைப் பார்த்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு." இத்தனை வயதில் யாருக்கும் எழுதாத வார்த்தை. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஹமீது ஆயர் தாவாரில் ஒரு கூட்டாளியின் கடையில் இருக்கிறானாம். ஜுலைகா சோறு வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "காசு முன்பணத்துக்குத்தானாம். கடை கைய விட்டுப் போவக் கூடாதாம். பேப்பர்ல ஒங்க பேரு மட்டும் போட்டுக்கச் சொல்றான். பங்க அப்புறமா பிரிச்சுக் குடுத்தா போதுமாம்."

"திரும்ப வர மாட்டானா?"

"திருடன்னு சொன்ன எடத்துல எப்படி லா நிப்பான்?"

சாப்பிட முடியவில்லை. ஹமீது இல்லாத குழம்பு வேறு, உப்புக் கரித்தது.

21 ஜூலை, திங்கள்

ஈப்போ டவுன், வக்கீல் ஆபீஸ். வெளியே நல்ல வெயில், உள்ளே ஏர்கான் குளிர். தவுக்கே இன்னும் வரவில்லை. உட்கார்ந்தபடியே இதை எழுதுகிறேன்.

கடைச் சாவியைக் கொடுக்க இன்று ஹமீது வருவான் என்று ஜுலைகா காலையில் சொன்னாள். நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

பழக்க தோஷம், போனில் கேமராவைத் திறந்தேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் கோபித்துக்கொண்டிருக்கிறார்.

வந்துவிட்டான். கவுண்டரில் நிற்கிறான். சாவியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கிறான். ஏப்ரன் அன்று வைத்த இடத்திலேயே இருக்கிறது, நான் யாரையும் தொட விடவில்லை. அதைப் பார்க்கிறான். கையில் எடுக்கிறான். உதறுகிறான். கொண்டுபோகப் போகிறானா, கட்டிக்கொள்ளப் போகிறானா?

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறான். முகம் கிட்டத்தில் வருகிறது. என்னைத்தான் பார்க்கிறான் என்று தோன்றுகிறது.

கேமராவைத் திருப்பிவிட்டான். சுவர் தெரிகிறது. சுவர் மட்டும்தான்.

வக்கீலின் குமாஸ்தாப் பெண் படிவத்தோடு வந்து நிற்கிறது. வாங்குபவர் ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று கேட்கிறது. இரண்டு என்றேன். காதர், ஹமீது. அப்படியென்றால் அவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வருவாரா என்கிறது.

போனை மூடிப் பையில் வைத்தேன். வருவார் என்றேன்.