குந்தி உட்காரும் முழங்கால்

மண்டி மொஹல்லா, மைசூர்
ஞாயிறு மாலை, 1994

அன்புள்ள அண்ணா,

நீ எழுதியபடியே அட்டையில் முழங்கால் செய்துவிட்டேன். நிஜ மூட்டுக்குள்ளே குறுக்காக ஓடும் இரண்டு நார்களுக்குப் பதிலாக இரண்டு அட்டைப் பட்டைகள். மடக்க மடக்க, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி பின்பக்கமாக நழுவிப் போகிறது. மத்தியானம் முழுக்க மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். யாரோ தூக்கத்தில் நடப்பது போல இருந்தது.

உன் செயற்கைக் கால் கணக்கு நாற்காலியில் உட்காரும் கால் வரைதான் சரியாக வருகிறது, குந்தி உட்காரும் காலுக்கு அளவு வேண்டும் என்று கேட்டிருந்தாய். நாளெல்லாம் குந்தியபடி மொசைக் தரை போடுகிற அப்பா நம் வீட்டிலேயே இருக்கிறாரே! நீ வேலையை விட்டுவிட்டு மெட்ராஸுக்கு ஆராய்ச்சிக்குப் போனதிலிருந்து அவர் உன் பெயரைச் சொல்வதில்லை. அதனால் பள்ளிக்கூடப் பாடம் என்று சொன்னேன்.

தொடையிலும் காலிலும் சாக்பீஸால் புள்ளி வைத்தேன்.

"என்ன அம்மிணி, முட்டியில கோலமா?" என்றார் அப்பா.

சாய்ந்த வெயிலில் அவர் முழங்காலின் நிழல் சுவரில் சாமுண்டி மலை மாதிரி உயர்ந்து நின்றது. கோணமானியை வைத்தேன். நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி மடங்குகிறது.

எழுந்து, வலிக்கிற காலைத் தடவிக்கொண்டார். நான் எழுதி முடித்ததும் சுவரைப் பிடித்து மறுபடி மெதுவாகக் குந்தினார்.

"இன்னொருக்கா அளந்துக்க. தப்பா எழுதி அனுப்பிட்டா, பாவம், அவன் அங்க யார் காலைப் போய் அளப்பான்?"

இரண்டாம் தடவையும் அதே அளவுதான் அண்ணா. தைரியமாகப் போட்டுக்கொள்.

உன் தங்கை