பலகைத் தடுப்பும் பெரியவாத்தியார் ரோத்தானும்

14-7-58, திங்கள். விடியும்போதே மழை. குடை மறுபடி பள்ளியிலேயே.

பேனா மீது ஆணை. இந்த வாரம் நான் எழுதப்போகும் கதையை ஒரு பயலும் நம்பமாட்டான்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீளக் கொட்டகை. மூன்று வகுப்பு, இடையில் இரண்டு பலகைத் தடுப்பு. அந்தக் கோடியில் பெரியவாத்தியார், இனி பெ.வா. இந்தக் கோடியில் நான். நடுவில் இளைய வாத்தியார் ஆரோக்கியம். மத்தளத்துக்காவது இரண்டு பக்கமும் இடி. இவனுக்கு ஒரே பக்கம், ஆனால் பத்து மத்தளத்துக்கான இடி.

நடு வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் போதும். பெ.வா. ரோத்தான் பிரம்பால் தடுப்பைத் தட்டுவார். டொக் டொக். "என்னய்யா வாத்தியார் நீ! பிள்ளைகளை அடக்கத் தெரியாதா?" அந்தச் சத்தத்தில் காலாங் ஆறு திரும்பி ஓடும். பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பு. ஆரோக்கியம் சாக்பீசும் கையுமாகச் சிலை.

16-7-58, புதன். மண்டை பிளக்கும் வெயில். சட்டை சலவைக்கு.

கோப்பிக்கடையில் ஆரோக்கியம். எவனோ கிளாஸை டொக்கென்று வைத்தான். இவன் எழுந்தே நின்றுவிட்டான். பாதிக் கோப்பி சட்டையில்.

"உக்காருப்பா, அது கிளாஸ்."

"தூக்கமே இல்லண்ணே. கண்ணை மூடினா தட்டுறாரு. காலையில வாசல் வரைக்கும் வர்றேன், காலு உள்ள போகமாட்டேங்குது. வெள்ளிக்கிழமையோட வேலைய விடுறேன்னு எழுதிக் கொடுத்துரலாம்னு இருக்கேன்."

"கொடுத்துட்டு?"

"தெரியல."

வேடிக்கையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஊரையே அளக்கிற வாய்! எரிச்சல். பெ.வா. மேல், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத இவன் மேல், எல்லாரையும் விட என் மேல்.

18-7-58, வெள்ளி. புழுக்கம். சாம்பாரில் உப்பில்லை.

டொக் டொக். சிலிர்த்தெழுந்தேன். இரண்டு தடுப்பையும் ஒற்றைக் கையால் பிடுங்கினேன். கூரை பறந்துபோய் சுவா சூ காங் கோழிப்பண்ணையில் விழுந்தது. பெ.வா.வைத் தோளில் தூக்கிப்போய், சிராங்கூன் ரோட்டில் ஓடிய டிராலி பஸ் தலைமேல் உட்காரவைத்தேன். ஊரே திரண்டு மாலை.

இதையே சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அண்ணன் மகள்: "போதும் லா சித்தப்பா, சோறு ஆறுது."

சரி. கூரை இருக்கிறது. பெ.வா.வும் இருக்கிறார். ஆரோக்கியம் எழுதிக் கொடுக்கவில்லை. "திங்கக்கிழமை பாப்போம்ணே" என்று கிளம்பினான்.

ஒன்று மட்டும் நிஜம். பெ.வா. தட்டி ஓய்ந்ததும், டஸ்டர் கட்டையால் என் பக்கத் தடுப்பில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பொறுத்து, ஆரோக்கியம் பக்கமிருந்து ஒரு சின்ன டொக்.

எனக்கு.