பெண்ட என்றால் ஊர்

அன்பான வேலு அண்ணை,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம். ஓல்டனில் பாடன் ரயில் ஏறும்போது உங்கள் சீற்றை இன்னும் பார்க்கிறேன். எப்போதும் யாராவது இருக்கிறார்கள். ரயில் மட்டும் நேரத்துக்கு வருகிறது. இந்தச் சுவிஸ் நாட்டுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஒரு செய்தி. வீட்டில் நீங்கள் வைத்துவிட்டுப் போன ஒலிநாடாக்களை மாலா அக்கா பல்கலைக்கழகக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். இளவயதில் தெலுங்கு நாட்டு நல்லமலைக் காட்டுக்கு மின்கம்பிப் பாதை அளக்கப் போய், அங்கே வாழும் செஞ்சுப் பழங்குடி மக்களின் பேச்சைப் பதிந்துகொண்டு திரும்பினீர்களே, அவைதான். கம்பி என்ன ஆனது என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

பட்டியல் போட, பாடனில் வேலைசெய்யும் கிரண் என்ற ஐதராபாத் பொறியாளர் உதவினார். சென்னையில் படித்த நல்ல பிள்ளை. ‘மொழி’ என்ற கட்டத்தில் ‘தெலுங்கு, கொச்சை’ என்று எழுதியிருந்தார். மூன்றாம் நாடாவில், காட்டிலிருந்து தெருவோர வீடுகளுக்கு மாற்றப்பட்ட ஒரு பெண் தன் ‘பெண்ட’வுக்குத் திரும்பவேண்டும் என்கிறாள். கிரணின் மொழிபெயர்ப்பு: “நான் என் குப்பைமேட்டுக்குப் போகவேண்டும்.”

செஞ்சுகள் தங்கள் குடியிருப்பைப் பெண்ட என்பார்கள் என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? அந்த வரி அப்படியே நின்றால், அவளை அங்கிருந்து கிளப்பியது சரிதான் என்று அவளே சாட்சி சொன்னதாகிவிடும்.

கிரணிடம் போனேன்.

“அங்கிள், நான் பொறந்ததுலேர்ந்து தெலுங்கு பேசறேன். பெண்டன்னா குப்பைதான்.”

நாம் ரயிலில் பழகிய முதல் நாள் கதையைச் சொன்னேன். “உங்கட பெட்டை நல்லாப் படிக்கிறாளோ?” என்று கேட்டேன். நீங்கள் ஆராவ் ஸ்டேஷன் வரும்வரை பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தீர்கள். பிறகுதான், “எங்க ஊர்ல நாய்க்குச் சொல்ற வார்த்தைங்க அது” என்றீர்கள். எங்கள் ஊரில் எல்லா மகள்களும் பெட்டைதான்.

கிரண் சிரித்தார். ஆனால் திருத்தவில்லை.

காப்பகத்து அம்மா, மொழி தெரிந்த ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார். எனக்குச் செஞ்சு தெரியுமா? தெரியாது. தெரிந்தவர்? இறந்துவிட்டார். அந்த அம்மா கூர் என்ற மலையூர்ப் பக்கத்துக்காரர். சில பள்ளத்தாக்குகளில் மட்டும் பேசும் அவருடைய தாய்மொழிக்கு இந்த நாட்டு அரசியலமைப்பில் இடம் உண்டு. அனுதாபத்தோடுதான் மறுத்தார்.

கடைசியில் கிரணைப் பக்கத்தில் இருத்தி நாடாவை ஓடவிட்டேன். முன்பு அவர் அந்த வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தார். அடுத்துத் தெலுங்கில் உங்கள் குரல் வந்தது, அண்ணை. இருபத்தைந்து வயதுக் குரல். கிரண் எனக்குச் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. “குப்பைக்கா போகணும்?” என்று அவளிடம் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

அவள் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்: என் வீடு, அண்ணன் வீடு, புளியமரம், சாமி இருக்கிற கல்.

கிரண் பேனையை எடுத்தார். பிறகு ‘குப்பைமேடு’ என்பதை வெட்டி ‘ஊர்’ என்று எழுதினார். ‘தெலுங்கு, கொச்சை’யையும் வெட்டிச் ‘செஞ்சு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நாடா முடியவில்லை. நீங்கள் என்னவோ கேட்கிறீர்கள், அவள் ஒரு நீண்ட பதில் சொல்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். “இது எனக்கும் புரியல அங்கிள்” என்றார் கிரண். உங்களிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். எதற்குச் சிரித்தீர்கள், அண்ணை?

அந்த வரியில் ‘தெரியவில்லை’ என்று எழுதச் சொன்னேன். அவளுடைய ஆட்கள் நாடாவைக் கேட்டுச் சொல்லும்வரை, ஒருவரையும் அங்கே ஊகித்து எழுத விடமாட்டேன். நான் உட்பட.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
தேவன்