காது மெஷினின் ஆயுசு

2014 ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் காது மெஷின் இன்று மதியம் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டும் சத்தம் வரவில்லை. பள்ளி விட்டு சைக்கிளில் வரும்போது, எங்கள் குடியிருப்பு பிளாக் திருப்பத்தில் சாம்பல் ஏற்றிய ஒரு லாரி என் பின்னால் பிரேக் அடித்து நின்றிருக்கிறது. சூடான காற்று முதுகில் பட்ட பிறகுதான் திரும்பினேன். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். "செவிடா நீ?" அந்த வார்த்தையை யார் சொன்னாலும், வாயைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் சாப்பிடும்போது மெஷினைப் பற்றியே சண்டை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். அப்பா பேசியது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

"அஞ்சு வருஷந்தான் ஆயுசுன்னு கடைக்காரன் சொன்னா நம்பிடுவியா? புதுசு விக்கத்தான் சொல்லுவான். உன் கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி இன்னும் அரைக்கல?"

அம்மா ஏதோ சொன்னாள்.

"அப்படி மெஷின் போச்சுன்னா இவள ரோட்டுல வுட முடியாது. கடலூர் ஹாஸ்டல்ல சேத்துட வேண்டியதுதான். அங்க எல்லாம் இவள மாதிரி புள்ளைங்கதான்."

பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா கேக்குதாடா கண்ணு?"

"கேக்குதுப்பா."

"பாத்தியா?" என்று அம்மாவிடம் சிரித்தார். அம்மா திரும்பி என்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை.

நாளைக்கும் அதே ரோட்டில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். ஹாஸ்டலை நினைத்தால் லாரியே பரவாயில்லை என்று இருக்கிறது. யாராவது எழுந்து வந்தால் எனக்குக் கேட்காது. அதனால் கதவைப் பார்த்தபடி எழுதுகிறேன். கதவுக்கு அடியில் இப்போது வெளிச்சம்