நீ கொடுத்த மடக்குக் கத்தி

சங்ககிரி,
கார்த்திகை 4

அன்பு மகன் குணசீலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், எருமை சுகம், அதன் கன்றும் சுகம். உன் அப்பாவைக் கேட்டால் அவரும் சுகம் என்றுதான் சொல்லுவார். நீயும் தனப்பிரியாவும் அந்த மெல்போர்ன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸப்பில் அனுப்பினால் அவர்தான் முதலில் திறந்து பார்க்கிறார். பக்கத்து ஊட்டு சாரதாமணியின் மகள் இலக்கியா அங்கே படிக்க வருகிறாள் அல்லவா, அவளிடம் கொடுத்தனுப்பும் பருப்புப்பொடிப் பைக்குள் இதை வைத்திருக்கிறேன். பொடி கொஞ்சம் காரம் கூடிவிட்டது, நெய் ஊற்றிச் சாப்பிடு.

போன வாரம் பேசும்போது நீ கேட்டாயே, தை மாதம் வரும்போது பங்காளிகளுக்கெல்லாம் அப்பாவுக்குக் கொடுத்த மாதிரியே இருபது கத்தி வாங்கி வரலாம் என்று இருக்கிறேன், அதில் நல்லது என்ன கெட்டது என்ன, ரெண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று. உன் அப்பா உடனே, அருமையான கத்தி சாமி, ஒரு குறையும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். நீ கேட்டதற்குப் பதில் நான் எழுதுகிறேன். முதலில் நல்லதைச் சொல்லுகிறேன், அப்புறம் அம்மா எதிலும் குறைதான் சொல்லுவாள் என்று நீ பேசக் கூடாது. கனமே கிடையாது, வெற்றிலைப் பையை விட லேசு. பக்கத்தில் ஒரு கம்பி வைத்திருக்கிறார்களே, அது டவுசர் பையில் நன்றாகக் கவ்விக்கொள்கிறது, குனிந்து நிமிர்ந்தாலும் விழாது. புதிதில் கூர்மையாகத்தான் இருந்தது. தீவன மூட்டைத் தையல், சொட்டுநீர் பைப், மரவள்ளிக் கிழங்குத் தோல் எல்லாம் நொடியில் அறுத்தது. விலையும் சல்லிசு. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், விலைச்சீட்டைக் கூட நீ கிழிக்கவில்லை. உன் மாமனாருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாய், அதில் சீட்டு இல்லை. எனக்கு ஒரு சாக்லேட் பொட்டலம் வந்தது, அதையும் தனப்பிரியாதான் கொடுத்தாள். அதை எதற்குச் சொல்லவேண்டும், விடு.

இனிக் குறை. இரும்பில் உறுதி போதாது, ஒரு மாதத்தில் முனை மழுங்கிவிட்டது, துவைக்கிற கல்லில் தீட்டித் தீட்டி அலகு தேய்ந்துபோனது. கிழங்குப் பால் உள்ளே போனால் அலகு மடங்குகிற இடத்து ஆணி இறுகிக்கொள்கிறது. நகத்தை விட்டுத் திறக்கிற பள்ளம் உன் மாதிரி ஆபீசில் உட்காருகிறவர்களுக்குத்தான் சரி, லாரி ஓட்டிய கைக்கு அது போதாது, ரெண்டு கையும் போட்டுத்தான் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை அந்தப் பூட்டுத் தகடு. திறந்த கத்தி தானாக மடங்காமல் பிடிக்க உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறதே, அதுதான். அதற்கு உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, தினமும் சாயங்காலம் கிரீஸ் போட்டார். முப்பது வருஷம் லாரிக்குக் கிரீஸ் அடித்த மனுஷன், அசைகிற இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. வழுக்கக் கூடாத இடத்தில் கிரீஸ் போட்டால் என்ன ஆகும். கிழங்கு சீவும்போது ஒரு நாள் என் கட்டைவிரல் மேலேயே மடங்கியது, நல்ல வேளை மேல்தோலோடு போயிற்று. சொன்னேன். என் பையன் ஆசையா வாங்கியாந்ததுல குத்தம் கண்டுபிடிக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு, உனக்கு ஒண்ணும் வாங்கியாரலீன்னு வயித்தெரிச்சல் என்றார். அதோடு விட்டாரா, பால் வாங்க வந்த பாவாயியிடமும் அதையே சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்தக் கத்தியைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை, அவராகவே ஒரு நாள் இது ஆகாத கத்தி என்று சொல்லட்டும் என்று.

புரட்டாசியில் ஒரு நாள் மரவள்ளிக் காட்டிலிருந்து வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். முள்கம்பி கீறிடுச்சு என்றார். காபித்தூளை அள்ளி வைத்துத் தானே கட்டிக்கொண்டார், என்னைப் பார்க்க விடவில்லை. எருமைக் கன்றின் நைலான் கயிறு முளையில் இறுகிக்கொண்டது என்றும் அதை அறுத்துவிட்டதாகவும் மட்டும் சொன்னார். எதால் அறுத்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் துணி துவைக்கும்போது டவுசர் பையிலிருந்து கத்தியை எடுத்தேன். ஆணிக்கடியில் கிரீசும் ரத்தமும் கலந்து கருப்பாகக் காய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை உடம்பு என்று எனக்குத் தெரியாதா. மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறதே நான்தான். ஆனால் நான் கத்தியை அப்படியே ஆணியோரம் ரத்தத்தோடு அவர் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வைத்தேன். சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் அதைப் பார்த்தார், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு உன் பேர் கெடக் கூடாது, எனக்கு நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும். ஐந்து நாள் இப்படிப் போயிற்று குணசீலா. ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சோறு தின்றார். மூன்றாம் நாள் வேண்டுமென்றே களி கிண்டி, கீரை கடைந்து வைத்தேன். களியை ஸ்பூனால் தின்ன முடியாது என்று தெரிந்துதான் கிண்டினேன். என் முன்னால், பிறந்ததிலிருந்து செய்யாத காரியம், இடது கையால் களியைப் பிட்டுத் தின்றார். தலையை நிமிர்த்தவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா என்று வேறு கேட்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து உளறினார். கட்டை அவிழ்த்தபோது வந்த வாடையை எழுத மாட்டேன். சேலத்துக்குக் கொண்டுபோனோம். முதல் நாளே வந்திருந்தால் நாலு தையலோடு போயிருக்கும், சீழ் உள்ளே இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். டாக்டரிடமும் முள்கம்பி என்றே சொன்னார். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் என் சேலையைப் பிடித்து, கத்தி மடங்கிப்போச்சு பழனி, பையங்கிட்டச் சொல்லிப்போடாத, பாவம், சோறு எறங்காது அவனுக்கு என்றார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் வாயில் கத்தி என்று வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் இருக்கும். வாராவாரம் வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாய். வலது கை ஒரு தடவையாவது வந்ததா என்று யோசித்துப் பார். மடியில் துண்டுக்கடியில் வைத்திருப்பார். புதிதாக வாங்கிய சோபாவை நீ சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாய். உன்னைக் குத்த வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், குத்தட்டும். எனக்கு மட்டும் தனியாகக் குத்திக்கொண்டிருக்க வேண்டுமா.

கத்தியை அவர் தூக்கிப் போடவில்லை. போன தடவை வந்து அதைக் கொடுக்கும்போது நீ கையிலிருந்து கைக்கு நேராக நீட்டினாயே, அப்போது இரும்பை அப்படிக் கொடுக்காத சாமி, கீழே வை, அப்பா எடுத்துக்குவாரு என்றேன், நீ சிரித்தாய். இப்போது ஒற்றைக் கையால் அவருக்கு அதைத் திறக்க முடியவில்லை. காலையில் என்னிடம்தான் கொண்டுவருகிறார். நான் திறந்து கீழே வைக்கிறேன், அவர் இடது கையால் எடுத்துக்கொள்கிறார். வேலை முடிந்ததும் அவர் கீழே வைக்கிறார், நான் எடுத்து மடக்குகிறேன். சாயங்காலமானால் இன்னும் கிரீஸ் போடுகிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன். முன்பே ஒரு நாள் செய்திருந்தால் போதும், சொல்லக்கூட வேண்டியதில்லை.

இருபது கத்தி வேண்டாம். பங்காளிகளுக்குத் துண்டு வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை பேசும்போது கத்தி எப்படிங்கப்பா இருக்குது என்று நீயாகக் கேள். அருமையாக இருக்குது என்பார். சரிங்கப்பா என்று சொல், குரல் மாறக் கூடாது, அவருக்கு மறைக்கத் தெரிந்த அளவுக்கு உனக்கும் தெரியட்டும். தை மாதம் வரும்போது அவர் கையைப் பார்த்ததும் முள்கம்பியா என்று கேட்டுவிடு, அவருக்கு அது போதும்.

கரியகாளியம்மன் உங்கள் ரெண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், சீக்கிரம் ஒரு குழந்தையைக் கொடுக்கட்டும். தனப்பிரியாவிடம் இதைக் காட்டாதே. பொடியை ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வை. கடிதத்தை ரெண்டு தடவை படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

சொல்லாமல் இருந்த உன் அம்மா,
பழனியம்மாள்