அம்மாவுக்கு எம்.இ. சீட் கிடைத்துவிட்டது

என் செல்ல மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம், உன் இருமல் விட்டதா என்பதையெல்லாம் பிறகு கேட்கிறேன், முதலில் நீ உட்கார். உட்கார்ந்தாயா? எனக்கு எம்.இ. சீட் கிடைத்துவிட்டதடி! சுற்றுச்சூழல் பொறியியல், அதோடு மாற்று எரிசக்தியும் உண்டு. போன வருடமே விண்ணப்பித்துக் கோட்டைவிட்டேன், வெட்கத்தில் உன்னிடம்கூட மூச்சு விடவில்லை. இந்த வருடமும் விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் படிப்பு விடுப்பு கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நேர்காணலுக்குப் போனால் வாசல் காவலாளி என்னைப் பார்த்ததும் ‘பெத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா’ என்கிறார். நான்தான் படிக்க வந்தவள் என்றதும் பாவம், அவரே எழுந்து நின்றுவிட்டார். உள்ளே மூன்று பேர். உன் வயதுப் பேராசிரியை ஒருத்தி, தொட்டியில் தண்ணீர் எத்தனை நேரத்தில் வடியும் என்று பலகையில் கணக்குப் போடச் சொன்னாள். அவசரத்தில் கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் போட்டுவிட்டேன். விடையைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு. ‘மேடம், என் கணக்குப்படி தொட்டி பொங்கிக்கிட்டே இருக்கு, நிஜத்துல இப்படி நடந்திருந்தா என்னை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க’ என்று சொல்லி அழித்துத் திருத்தினேன். மூவரில் வயதில் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ‘இந்த வயசுல எதுக்கும்மா?’ என்றார். இருபத்தாறு வருடமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறேன், சேற்றிலிருந்து வரும் வாயுவை வீணாக எரித்துவிட்டு, கழிவுநீருக்குள் காற்றூதும் மோட்டாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிறோம் என்றேன். ‘அந்த வாயுவிலயே மோட்டாரை ஓட்ட முடியும்னு நான் சொன்னா, கணக்கைக் காட்டுங்கறாங்க சார். அதைக் கத்துக்கத்தான் வந்தேன்’ என்றேன். அவர் என் விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். எல்லாம் போச்சு என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

நேற்றுக் காலை பட்டியல் வந்தது, நாலாவது பெயர் என்னுடையது! அப்பா மாடிப்படியில் நின்றே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டார், தவறான எண்ணில் கூப்பிட்ட யாரோ ஒருவருக்கும் சொல்லி வாழ்த்து வாங்கிவிட்டார். எனக்குப் புத்தகப் பை வேறு வாங்கி வந்திருக்கிறார், ஒட்டகச்சிவிங்கி படம் போட்டது, கடையில் அதுதான் பெரியதாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருத்துவரைப் பார். உனக்கு எல்லா நலமும் பெருகட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எனக்குத் தொகை நுண்கணிதம் சொல்லிக்கொடு, மறந்துவிடாதே. சின்ன வயதில் நீ வாய்ப்பாட்டில் தடுமாறிய நாட்களில் ‘இதுகூடத் தெரியலையா’ என்று உன்னைத் திட்டியதையெல்லாம் இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா,
முதலாமாண்டு மாணவி