அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, அப்பா

வண்டியை விட்டு இறங்கும்போதே என் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நம் டேங்கர் லாரி வேப்பமரத்தடியிலேயே நின்றதில் அதன் கூரையெல்லாம் பழக்கறை. நாமக்கல்லில் அதே ஆய்வுக்கூடத்துக்குத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். கோழித்தீவன மூட்டைகளிலிருந்து மாதிரி வருகிறது, சோதிக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன்.

நான் இன்னும் அழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒருக்கா வாய்விட்டு அழுதுரு அம்மிணி, மனசு லேசாயிரும்" என்கிறார். சரிங்க்கா என்கிறேன். அன்றைக்குக் காலையில் நீங்கள் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சாய்ந்தீர்கள். துடைக்க வைத்திருந்த செய்தித்தாள் கையில் கசங்கிக் கிடந்தது. எல்லோரும் உங்களைத் தூக்க, நான் அந்தத் தாளை நீவி, நாலாக மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் அதையே செய்வது போல இருக்கிறது.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் மெல்னிக். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இந்தப் பெயரோடு வேறு யாரும் இல்லை. பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் கேட்டதற்கு, "ரஷ்யா விஞ்ஞானி பேருங்க சார்" என்றீர்கள். பெரியப்பா கேட்டதற்கு, "அது ஒரு பூவுங்கண்ணா, பனியில பூக்குமாமா" என்றீர்கள். அம்மாவிடம் என்ன சொன்னீர்களோ, அவர் இன்றுவரை அதை ஏதோ மருந்தின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையை என்னிடம் மட்டும், எனக்குப் பதினோரு வயதில், தூத்துக்குடியிலிருந்து திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னீர்கள். நான் பிறந்த அன்று நீங்கள் அந்தத் துறைமுகத்தில் சமையல் எண்ணெய் ஏற்ற வரிசையில் நின்றிருந்தீர்கள். நாலு நாளாக வரிசை நகரவில்லை. வெளியே டெலிபோன் பூத்துக்குப் போய் மாமாவிடம் பேசினீர்கள். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம். உள்ளே ஓடி வந்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"எனக்கு யாருகிட்டயாச்சும் சொல்லியே ஆகோணும் சாமி. இல்லீனா நெஞ்சு வெடிச்சிரும்."

எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தில் கப்பல்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய், கை இரண்டையும் தொட்டில் போல ஆட்டிக் காட்டினீர்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ கத்திக்கொண்டே உங்களை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். தன் பையிலிருந்த கறுப்பு ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். "ஒரே புளிப்பு. ஆனா அந்த மாதிரி ஒண்ணு அப்பறம் நான் திங்கவே இல்ல." உங்கள் பெயரைக் கேட்டார். செல்லமுத்து என்றீர்கள். அவர் வாயில் அது நுழையவில்லை. சிரித்துவிட்டு, தன் சட்டையில் நெஞ்சுப் பக்கம் தைத்திருந்த ஆங்கில எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார். உங்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கேட் காவலாளியைக் கூட்டி வந்து படிக்கச் சொல்லி, பீடிக்கட்டின் காகிதத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டீர்கள்.

பிறகு சொந்தமாக டேங்கர் வாங்கியபோது, எல்லோரும் பிள்ளைகள் பெயரை வண்டியின் நெற்றியில் எழுதுவது போல நீங்களும் எழுதினீர்கள். சிவப்பில் மெல்னிக், இரண்டு பக்கமும் தாமரை.

இப்போது சேதிக்கு வருகிறேன். மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். குமாரபாளையத்துப் பையன், துணி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. இரண்டு முறை பேசியிருக்கிறோம். நிதானமாகப் பேசுகிறார். போன மாதம் மாமா வந்து உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

"எல்லாம் புடிச்சுப் போச்சு அம்மிணி. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. பேரு."

"பேருக்கு என்னங்க மாமா?"

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கு வாயிலயே வரமாட்டேங்குதாமா. பத்திரிகையில போட்டா, பையன் வெள்ளக்காரியக் கட்டறானாட்டத் தெரியும்ங்கறாங்க. கெஜட்டுல மாத்திப் போட்டா முடிஞ்சுது. மேனகா, மோனிகா, என்னமோ ஒண்ணு."

அம்மா சமையலறையிலிருந்தே, "உன்ற மச்சான் இருந்திருந்தா இந்தப் பேச்சு எடுப்பியா?" என்றார்.

"இருந்திருந்தா அவரையே கேட்டிருப்பனுங்க்கா. இருவத்தேழு வருசமா கேக்கோணும்னுதான் இருக்கறேன், எதுக்கு மச்சான் இந்தப் பேருன்னு!"

அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க மனம் வராமல், படிவத்தைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

பழைய பெயர், புதிய பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. மாற்றத்துக்கான காரணம் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. மாற்றுவதற்கு முன்னால் அது என்ன பெயர் என்றாவது பார்ப்போம் என்று கைப்பேசியை எடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

உக்ரைனில் சண்டை தொடங்கிய புதிது. சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். இடிந்த வீடுகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, இது நம்மாளு ஊரா இருக்குமா?"

"எந்த ஆளுங்கப்பா?"

"உன்ற பேருக்காரன். போன்ல தட்டிப் பாரேன். இப்ப வயசாயிருக்கும். உசுரோட இருக்கறானான்னு மட்டும் பாரு, போதும்."

"பாக்கறேனுங்கப்பா."

இரண்டாம் முறையும் கேட்டீர்கள். மூன்றாம் முறை கேட்கவில்லை, என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டீர்கள். நான் அதில் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். தூர தேசத்து மனிதர்களின் துயரத்தைப் பற்றிய புத்தகம். அதிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இப்போது தேடினேன், அப்பா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மெல்னிக் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. அது குடும்பப் பெயர். உக்ரைனில் ஏராளமான பேருக்கு அந்தப் பெயர். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. மாவு அரைப்பவர் என்று பொருளாம். மாவு மில்காரன் பேரையா வெச்சேன் என்று நீங்கள் தொடையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள். கப்பல் சட்டையில் குடும்பப் பெயரைத்தான் தைப்பார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? நம் பக்கம் சட்டையில் பெயர் இருந்தால் அது அந்த ஆளின் பெயர்தானே.

அந்தப் பெயருள்ள புகழ்பெற்றவர்கள் என்று ஒரு நீளப் பட்டியல் இருந்தது. ஓட்டக்காரர்கள், பந்து விளையாடுபவர்கள், ஓவியர், பாடுகிறவர், அரசியல்வாதிகள். ஒருவருக்கொருவர் உறவில்லை. சிலருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருந்தன, சிலருக்குப் பிறந்த ஆண்டு மட்டும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். கப்பல், எண்ணெய், ரொட்டி என்று எதுவும் எங்கேயும் இல்லை. அங்கிருந்த ஒவ்வொரு மெல்னிக்குக்கும் முன்னால் ஒரு சொந்தப் பெயர் இருந்தது. நம்முடைய ஆளின் சொந்தப் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. அது தெரியாமல் அவரை எப்படித் தேடுவது? இருக்கிறாரா இல்லையா என்பதை இனி எவரிடம் கேட்பது? நீங்கள் முதல் முறை கேட்டபோதே பார்த்திருந்தால், இதையாவது உங்களிடம் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது போதுமாயிருந்திருக்குமா?

அலமாரியிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் செல்லமுத்து என்றிருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதால் தகப்பன் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். சொந்தப் பெயர் என்ற இடத்தில் மெல்னிக். நீங்கள் அவர் இடத்திலும் அவர் உங்கள் இடத்திலும் நிற்கிறீர்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

மறுநாள் டேங்கரை வாங்க சங்ககிரியிலிருந்து பொன்னுசாமி என்பவர் வந்தார். வாரிசுகள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். மாமா என் பக்கம் குனிந்து, "பேர மாத்தறதுக்கு முன்னாடி இதுல போட்டுரு அம்மிணி. பின்னால சிக்கலாயிரும்" என்றார். பொன்னுசாமி காகிதத்தைப் பார்க்காமல் வண்டியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. இந்தப் பேர அழிக்காம அப்படியே ஓட்டிக்கட்டுங்களா?"

"எதுக்குங்க?" என்றார் மாமா.

"இத்தன வருசத்துல ஒரு பக்கமும் மோதாத வண்டிங்க. பேர மாத்துனா வண்டிக்கு ஆகாதுங்க. எங்கூட்டுல அம்மா சொல்லித்தான் உட்டாங்க, எத மாத்துனாலும் பேரத் தொட்டுறாதேன்னு. சாமி பேருங்களா?"

"இல்லைங்க. ஒரு மனுசரோட பேரு" என்றேன்.

"யாருங்க அது?"

அம்மா என்னைக் காட்டி, "இவ பேருதானுங்க" என்றார்.

பொன்னுசாமி அவசரமாகத் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப உங்களைத்தானுங்க கேக்கோணும். வெச்சுக்கட்டுங்களா?"

"வெச்சுக்கங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிவிட்டு, "மாமா, நான் பேர மாத்தலைங்க" என்றேன்.

மாமா கையெழுத்தான காகிதங்களைப் பொன்னுசாமியிடம் கொடுத்தார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பிய பிறகுதான், "அவிங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, அம்மாவுக்குத்தான்" என்று தொடங்கினார். நான் தூத்துக்குடியிலிருந்து தொடங்கினேன். நாலு நாள் வரிசை, பூத், தொட்டில் ஆட்டிய கை, புளிப்பு ரொட்டி, பீடிக்காகிதம். நீங்கள் கேட்டதையும் நான் பார்க்காமல் விட்டதையும் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

"இத எங்கம்மாகிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார்.

"நீங்க கேட்டபடியே சொல்லுங்க."

எட்டு நாளாகிறது. பதில் வரவில்லை. வராவிட்டால் வருத்தப்படுவேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கெஜட் படிவம் மேசையில்தான் இருக்கிறது. காரணம் என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், இடம் போதாமல் வேறு தாளுக்கு வந்தேன்.

அப்பா, இனி என் பெயருக்குக் காரணம் கேட்பவர்களிடம் விஞ்ஞானி என்றோ பூ என்றோ சொல்லமாட்டேன். தெரியாது என்றும் சொல்லமாட்டேன். நான் பிறந்த அன்று என் அப்பாவைத் தூக்கிச் சுற்றிய ஒருவருடைய குடும்பத்தின் பெயர் என்று சொல்வேன். அவருடைய சொந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்வேன். தேடிக்கொண்டுதான் இருப்பேன். இந்த முறை நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பெயரை முன்னாலும் அவர் பெயரைப் பின்னாலும் எழுதும் உங்கள் மகள்,
செ. மெல்னிக்